லைசென்ஸ் அவள் பெயரில்

அத்தியாயம் 11

விசாரணை நாள் வந்தேவிட்டது. "தேதி எப்படியும் தள்ளிப் போகும், பாரேன்" என்று போன வாரம் முழுக்க மாமனார் சொல்லிக்கொண்டிருந்தார் அல்லவா? அதை நம்பியவர்கள் வீட்டில் இரண்டே பேர். ஒருவர் மாமியார். இன்னொருவர் மாமனாரே.

மறந்துபோனவர்களுக்கும், இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த வீட்டில் கட்டடம் கட்டுகிறவர் மாமனார். லைசென்ஸ் இருப்பதோ மூத்த மருமகள் பெயரில். மாமனாருக்கு அனுபவம் உண்டு, படிப்பு கிடையாது. படிப்பு இல்லாதவருக்கு லைசென்ஸ் கிடையாது. அவள் சிவில் இன்ஜினியரிங் படித்தவள். கல்யாணமாகி வந்த சூட்டோடு சூடாக ஒரு கத்தைக் காகிதத்தை அவள் முன்னால் வைத்து, "போடு இன்ஜினியரம்மா கையெழுத்தை. பேர் மட்டும்தான் உன்னோடது, பாரமெல்லாம் என்னோடது" என்றார். அவளும் பூரித்துப்போய்ப் போட்டாள். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு இன்ஜினியரம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. சைட்டுக்குப் போனது என்னவோ நாலைந்து தடவைதான். அதுவும் பெரும்பாலும் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள.

வினை வந்தது பல் டாக்டர் வீட்டில்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பாக்கி கைக்கு வரும்வரை யாரும் வேலையை முழுசாக முடிக்க மாட்டார்கள். எலக்ட்ரீஷியன் மெயின் ஃபியூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவான். பெயிண்டர் வாசல் கதவை மட்டும் பூசாமல் விடுவான். டைல்ஸ் போடுகிறவர் நுழைவாசலில் ஒரே ஒரு கல்லைப் பதிக்காமல் பள்ளமாக விட்டுவைப்பார். வீட்டுக்காரர் தடுக்கி விழுந்து, கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டுவார். பணம் தானாக வரும்.

டாக்டர் வீட்டில் டைல்ஸ் போட்டது இன்ஜினியரம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். "தங்கச்சி பேர்ல பலகை நிக்குது, அவ சைட்டுல போய் பள்ளம் விடுறதா?" என்று கடைசிக் கல்லையும் பதித்துவிட்டான். அவனே பதித்துவிட்டான், நமக்கென்ன என்று எலக்ட்ரீஷியன் ஃபியூஸைச் செருகினான், பெயிண்டர் கதவைப் பூசினான். டாக்டர் சந்தோஷமாக முழுப் பணத்தையும் கொடுத்துக் குடிபோனார். பணம் மாமனார் கைக்கு வந்தது, வந்த வேகத்தில் அடுத்த சைட்டின் அஸ்திவாரத்துக்குள் இறங்கியது. மூன்று பேருக்கும் கிடைத்தது "அடுத்த வாரம்" என்ற பதில்தான்.

எலக்ட்ரீஷியனும் பெயிண்டரும் லைசென்ஸ் கொடுக்கும் உரிமக் குழுவுக்குப் புகார் கொடுத்தார்கள். அண்ணன் கொடுக்கவில்லை. ஆனாலும் அவனுக்கும் பணம் போகவில்லை என்று புகாரில் இருந்ததால், அவனையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

ஆக, இன்று காலை.

"இங்க வந்து உட்காரு இன்ஜினியரம்மா" என்றார் மாமனார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. கல்யாணத்துக்குக் கிளம்பியவர் போல இருந்தார். "ஏன் பணம் குடுக்கலைன்னுதான் கேப்பாங்க. வேலை சரியில்லை, அதனால நிறுத்தி வச்சிருக்கோம்னு சொல்லிடு. முடிஞ்சுது கதை."

"யார் வேலை மாமா?"

"எல்லார் வேலையும்தான்."

"எங்க அண்ணன் வேலையுமா?"

மாமனார் காபியை ஒரு மடக்கு குடித்துவிட்டு வைத்தார். "பேச்சுக்குச் சொல்றதுமா. அவன் வேலை எப்படின்னு எனக்குத் தெரியாதா? நாளைக்கே கூப்பிட்டு அடுத்த சைட்டை அவன் கையில குடுக்கப்போறது யாரு? நான்தானே?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு கேட்டேவிட்டாள். "பணம் வாங்கினதும் செலவு பண்ணினதும் நீங்கதான்னு சொன்னா என்ன ஆகும் மாமா?"

அடுக்களையில் பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது. மாமியாருக்குக் காது ரொம்பக் கூர்மை.

"சொல்லேன், தாராளமா சொல்லு" என்றார் மாமனார், கோபமே இல்லாமல். "லைசென்ஸை அடுத்தவனுக்கு விட்டேன்னு ஆகும். ஒரேயடியா ரத்து. போலீஸ் கேஸாகூட ஆகும். எல்லாம் உன் பேர்ல. நான் யாரு? சைட் சூப்பர்வைசர். காகிதத்துல அப்படித்தானே இருக்கு?"

மிரட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பாள். மழை வரும், குடை எடுத்துக்கோ என்பது போல அக்கறையாகச் சொன்னார். அவரிடம் இதுதான் பெரிய தொல்லை. சண்டை போடக்கூட ஒரு இடம் கொடுக்க மாட்டார்.

கணவன் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் புது சைட்டில் கான்கிரீட் போடும் வேலை. "அப்பா எத்தனை விசாரணை பார்த்திருப்பார். அவர் சொல்றபடி சொல்லிடேன்" என்றான். வாழ்க்கைத் துணை என்ற முறையில் அன்றைக்கு அவன் செய்த உதவி அவ்வளவுதான். வண்டிச் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

*

உரிமக் குழு அலுவலகம் மூன்றாவது மாடியில். லிஃப்ட்டில் "வேலை நடக்கிறது" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய காகிதமே பழுத்துப் போயிருந்தது. மாமனார் படிக்கு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வர, அவள் முன்னால் ஏறினாள்.

நடைபாதை பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். துவைத்த சட்டைதான், ஆனால் நகக்கண்ணில் வெள்ளைச் சிமெண்ட். எத்தனை தேய்த்தாலும் போகாது அது.

"சாப்பிட்டியா பாப்பா?"

"நான் சாப்பிட்டது இருக்கட்டும். வண்டியில வந்தியா?"

"பஸ்ஸுல வந்தேன். வண்டி எதுக்கு, மெஷினைத் தூக்கிட்டுப் போறதுக்குத்தானே? மெஷினே இல்லை இப்ப."

"எங்க போச்சு?"

"வித்துட்டேன்." ஏதோ பழைய பேப்பர் போட்டது போலச் சொன்னான். "பசங்களுக்குக் கூலி குடுக்கணுமில்ல? தங்கச்சி இன்ஜினியர்னு சொன்னா விட்டுடுவாங்களா? இப்ப வேற ஒருத்தர்கிட்ட ஆளா போறேன். நல்லாத்தான் இருக்கு. சாயங்காலமானா கையைக் கழுவிட்டு வந்துடலாம், தலைவலி இல்லை."

கல் அறுக்கும் அந்த மெஷின் வாங்க அவன் எத்தனை வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினான் என்று அவளுக்குத் தெரியும். அவளைப் படிக்க வைத்து முடித்த பிறகுதான் வாங்கினான். அதுவும் தெரியும்.

"அண்ணா, உள்ள கேட்டா உள்ளதைச் சொல்லு. எனக்குப் பணம் வரலைன்னு சொல்லு."

"சொன்னா உனக்கு என்ன ஆகும்?"

"தெரியலை."

"அப்ப தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றேன்" என்று சிரித்தான்.

ஜன்னலோரம் நின்ற எலக்ட்ரீஷியன் திரும்பினான். "வாங்க இன்ஜினியரம்மா. உங்க அண்ணனை நம்பி அந்த வீட்டு ஃபியூஸைக் குடுத்தேன். இப்ப எங்க வீட்டு ஃபியூஸைப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. பில்லு கட்டலையாம்."

நக்கலாகத்தான் சொன்னான். ஆனால் முகத்தில் நக்கல் இல்லை. பெயிண்டர் வரவில்லையாம், வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று சொல்லி அனுப்பியிருந்தான். அவளுக்கு "மன்னிச்சுக்கங்க" என்று வாய் வரை வந்தது. அதை வைத்து அவன் பில் கட்ட முடியாது என்பதால் விழுங்கிவிட்டாள்.

பியூன் கதவைத் திறந்து கூப்பிட்டான்.

*

நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் குழுத் தலைவி. நரைத்த தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. ஓரத்தில் இருந்த இருவரில் ஒருவர் எழுதினார், இன்னொருவர் கொட்டாவியை அடக்கினார். மாமனார் பவ்யமாகக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். சூப்பர்வைசருக்கு அதுதானே இடம்!

"லைசென்ஸ் யார் பேர்ல?"

எழுந்து நின்றாள். "என் பேர்லம்மா."

தலைவி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எதிர்பார்த்தது இந்த முகத்தை அல்ல என்பது தெரிந்தது. "வீட்டுக்காரர் முழுப் பணமும் குடுத்துட்டார். சரியா?"

"சரிதாம்மா."

"இவங்க மூணு பேருக்கும் நீங்க குடுத்தீங்களா?"

"இல்லை."

"ஏன்? வேலையில ஏதாவது குறை இருந்துதா?"

மாமனார் சொல்லிக்கொடுத்த பதிலுக்குத் தலைவியே கதவைத் திறந்து வைத்துவிட்டார். உள்ளே காலை வைத்தால் போதும். "ஆமாம்" என்று ஒரு வார்த்தை.

அண்ணன் தலையைக் குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் வீட்டுத் தரையை முடித்த அன்று அவளைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடக்க வைத்தான். "எங்கயாவது காலுக்குத் தட்டுதா சொல்லு, எடுத்துட்டு வேற போடுறேன்" என்றான். எங்கேயும் தட்டவில்லை.

"குறையே இல்லைம்மா. வேலை ரொம்ப நல்லா இருந்துச்சு."

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

"அப்புறம் ஏன் குடுக்கலை? பணம் எங்க போச்சு?"

எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும். அந்த வழியாகத்தான் தினமும் காய் வாங்கப் போகிறாள். புது சைட்டில் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்த கேள்வி வரும், கடைசியில் காலையில் மாமனார் சொன்ன இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

"தெரியலைம்மா" என்றாள். சொன்ன பிறகுதான் அது எத்தனை கேவலமான பதில் என்று உறைத்தது.

"லைசென்ஸ் வச்சிருக்கிறவங்களுக்கே தெரியாம பணம் எப்படிம்மா போகும்?" தலைவி பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். "நேராவே கேக்குறேன். கம்பெனியை நடத்துறது நீங்கதானா, வேற யாராவதா?"

உண்மையைச் சொன்னாலும் போச்சு, பொய்யைச் சொன்னாலும் போச்சு. சும்மா நின்றால் அதுவே ஒரு பதில். மாமனார் லேசாகச் செருமினார்.

அப்போது அண்ணன் எழுந்தான்.

"அம்மா, ஒரு நிமிஷம். எனக்கு வர வேண்டியது வந்துடுச்சு."

எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். கொட்டாவியை அடக்கியவர் விழித்துக்கொண்டார்.

"வந்துடுச்சா? எப்ப?"

"நேத்து. தங்கச்சிதான் வீட்டுக்கு வந்து கையில குடுத்துட்டுப் போச்சு. கம்பெனியை அதுதான் நடத்துது. மத்தவங்களுக்கும் குடுத்துடும். கொஞ்சம் டயம் மட்டும் குடுங்க."

"அடப்பாவி!" எலக்ட்ரீஷியன் துள்ளி எழுந்தான். "உன்னை நம்பித்தானேய்யா ஒரு தடவை கெட்டேன்! இப்பவுமா?"

"உட்காருங்க" என்றார் தலைவி.

"அண்ணா, வேண்டாம்" என்றாள் அவள். அவளுக்கே சரியாகக் கேட்காத குரலில்.

"நீ சும்மா இரு பாப்பா."

"வந்துடுச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பீங்களா?" என்று கேட்டார் தலைவி. அண்ணன் தலையாட்டினான். காகிதம் வந்தது. குனிந்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி, நிதானமாக எழுதினான். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இப்போது வாயைத் திறந்தால் குழுவின் முன்னால் பொய் சொன்னவன் ஆகிவிடுவான் அவன். திறக்காவிட்டால் அந்தப் பணம் ஜென்மத்துக்கும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வேறு என்னதான் செய்வாள்?

மூன்று தலைகளும் ஒன்றுசேர்ந்து பிரிந்தன. தலைவி படித்தார். வீட்டுக்காரரிடம் பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்தவர்களுக்குக் கொடுக்காத குற்றத்துக்காக லைசென்ஸ் ஓராண்டுக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது. ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர்கள் பட்டியலில் உரிமதாரரின் பெயர் சேர்க்கப்படும். இனி எந்தக் கம்பெனியில் வேலை கேட்டுப் போனாலும் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் "உட்காருங்க" என்பார்கள்.

அண்ணன் திகைத்துப்போனான். "அம்மா, நான்தான் வந்துடுச்சுன்னு எழுதிக் குடுத்தேனே!"

"உங்களுக்கு வந்துடுச்சு, சரி. இன்னும் ரெண்டு பேர் இருக்காங்களே? ஒருத்தருக்குக் குடுக்கலைனாலும் விதி இதுதாங்க."

"எங்க பணம்?" என்றான் எலக்ட்ரீஷியன்.

"அதுக்கு நீங்க கோர்ட்டுக்குப் போகணும். லைசென்ஸை நிறுத்துறது மட்டும்தான் எங்க கையில இருக்கு. பணத்தை வாங்கித் தர்ற அதிகாரம் எங்களுக்கு இல்லை."

"அப்ப நான் எதுக்கும்மா இன்னிக்கு வேலையை விட்டுட்டு வந்தேன்?"

தலைவி நல்ல பெண்மணி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு அடுத்த வழக்குக்கு மணி அடித்தார்.

*

"ஏண்ணா இப்படிப் பண்ணினே?" மாடிப்படி திருப்பத்தில் அவனைப் பிடித்து நிறுத்தினாள். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இனிமே யார்கிட்ட போய் என்னன்னு கேப்பே?"

"உங்க மாமாகிட்டத்தான். அவரும் மனுஷன்தானே? நான் எதுக்காகச் சொன்னேன்னு அவருக்குத் தெரியாதா?"

"தெரியும். அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

"நீ எப்பவும் இப்படித்தான், எதுக்கெடுத்தாலும் பயப்படுவே" என்று அவள் தலையில் தட்டிவிட்டு இறங்கிப் போனான். பஸ் நிறுத்தத்தில் அவனுக்கு நாலடி தள்ளி எலக்ட்ரீஷியன், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். ஒரே பஸ்தான் இருவருக்கும்.

*

சாயங்காலம் வீடு சாவு வீடு போல இருக்கும் என்று நினைத்து வந்தாள். இல்லை. மாமனார் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் அவளுக்கும் சேர்த்து டீ போட்டுக் கொண்டுவந்தார், அதுவும் கேட்காமலே.

"ஒரு வருஷம் என்னம்மா ஒரு வருஷம், ஓடிப்போயிடும்" என்றார் மாமனார்.

"மாமா, அண்ணனோட பணம்..."

"எந்தப் பணம்?"

அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். அவர் சிரித்துவிட்டார். "பயந்துட்டியா? விளையாட்டுக்குக் கேட்டேன். ஆனா பாரு, வந்துடுச்சுன்னு அவனே கைப்பட எழுதிக் குடுத்திருக்கான். நான் குடுத்தாகணும்னு இனிமே யாரும் என்னைக் கட்டாயப்படுத்த முடியாது. இருந்தாலும் குடுப்பேன். நான் யாரையும் ஏமாத்தினது கிடையாது, லேட்டாக் குடுத்திருக்கேன், அவ்வளவுதான். ஆனா வேலை நடந்தாத்தானே பணம் வரும்? லைசென்ஸ் இல்லாம வேலை எப்படி நடக்கும், நீயே சொல்லு?"

அவரே பதிலும் வைத்திருந்தார். அதை மாமியார் போனில் ஒரு போட்டோவாகக் காட்டினார். சிரித்த முகமாக ஒரு பெண். "நம்ம சின்னவனுக்குப் பார்த்திருக்கு. எப்படி இருக்கா சொல்லு?"

"என்ன படிச்சிருக்கா அத்தை?" கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது அவளுக்கு.

"சிவில்தான். உன்னை மாதிரியே."

தன்னைப் பெண் கேட்டு வந்த நாள் அவளுக்கு நினைவு வந்தது. "எங்களுக்கு எதுவும் வேண்டாம், படிச்ச பொண்ணு, அது போதும்" என்றார் மாமனார். படிப்புக்கு மரியாதை தெரிந்த குடும்பம் என்று அண்ணன் தெருவில் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தான். இத்தனை நாள் அவளும் அப்படித்தான் நம்பினாள்.

"அவங்க வீட்டுல கொஞ்சம் யோசிக்கிறாங்களாம்" என்றார் மாமியார். "மூத்த மருமகள்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு அந்தப் பொண்ணு கேட்டிருக்கா. நல்லதா நாலு வார்த்தை சொல்லு. உன்னை நாங்க குறையாவா வச்சிருக்கோம்?"

"இந்தச் சம்பந்தம் முடியட்டும்" என்றார் மாமனார். "முதல் பில் வந்ததும் உங்க அண்ணனுக்குத்தான். மத்ததெல்லாம் பின்னாலதான். இது என் வாக்கு. முடியலைனா நான் எங்கம்மா போவேன்? என்னை வித்தாலும் தேறாது."

மாமியார் எண்ணை அழுத்திப் போனை அவள் கையில் திணித்தார். மாமனார் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

"அக்கா?" குரல் போட்டோவை விடச் சின்னதாக இருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கல்யாணத்துக்கு அப்புறம் என்னை வேலை செய்ய விடுவாங்களா? லைசென்ஸே என் பேர்ல எடுத்துத் தர்றதா உங்க மாமா சொன்னாராம். நிஜமாவா அக்கா?"

மெஷின் இல்லாமல் பஸ் ஏறிப் போன அண்ணன் கண்ணில் வந்து நின்றான். எதிரே மாமனார், ஊக்கமாகத் தலையசைத்துக்கொண்டு.

"நிஜம்தாம்மா" என்றாள். "லைசென்ஸ் உன் பேர்லதான் இருக்கும். ஆனா..."

"அப்பா! அக்காவே சொல்லிட்டாங்கப்பா!" அந்தப் பக்கம் ஒரே கும்மாளம். ஆனாவுக்குப் பிறகு வந்தது யார் காதிலும் விழவில்லை. போன் கைமாறியது.

"ரொம்ப நன்றிம்மா" என்றது வயதான ஒரு ஆண்குரல். "பெரிய மனுஷங்க ஆயிரம் சொல்லலாம். அந்த வீட்டுல வாழுற பொண்ணு நீ சொன்னியே, அது போதும் எனக்கு. இனிமே யோசிக்க ஒண்ணும் இல்லை. இப்பவே அவங்களுக்குச் சரின்னு சொல்லிடுறேன். வச்சிடட்டுமா?"

மாமனார் திருப்தியோடு ரிமோட்டை எடுத்தார். டி.வி. மறுபடி பேச ஆரம்பித்தது.

"ஐயா, வச்சிடாதீங்க" என்றாள் அவள்.

டி.வி. நின்றது. மாமனாரும் மாமியாரும் ஒருசேர அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.